ரெண்டு விசேஷம், ஒரே அண்டா: அயனாவரத்து வாடகைப் பாத்திரக் கடை கணக்கு மாறின விவரம்

சின்னக் கடைகளுக்கு டெக்னாலஜி கொண்டு வரணும்னு பேசுறவங்க பெரும்பாலும் மளிகை, ஓட்டல், துணிக்கடை இந்த மூணைத்தான் மனசுல வச்சுப் பேசுறாங்க, பில் மெஷின் வாங்கு, பார்கோடு ஒட்டு, கியூஆர் மாட்டு, வேலை முடிஞ்சதுன்னு. வாடகைப் பாத்திரக் கடைக்கு அது எதுவும் பொருந்தாது. இங்க பொருளை விக்கிறதே இல்ல. அண்டா வெளிய போகும், அடுப்புல ஏறும், கரி பிடிச்சுத் திரும்பி வரும், தேய்ச்சுக் கவுத்தினா மறுநாள் இன்னொரு வீட்டுக்குப் போகணும், சிலது வரவே வராது. அயனாவரத்துல ரெண்டு தலைமுறையா நடக்கிற அப்படி ஒரு கடையில கூட இருந்து செஞ்ச வேலையை இங்க முழுசா எழுதுறேன். இதே தொழில்ல இருக்கிறவங்களுக்கும், அவங்களுக்கு உதவணும்னு நினைக்கிற பசங்களுக்கும் பயன்படணும்னு ஆசை.

கடை சின்னதுதான். முன்னாடி ஒரு ஷட்டர், பின்னாடி ஒரு குடோன். அண்டா, குண்டான், பிரியாணி தேக்சா, சாம்பார் வாளி, ஜல்லிக் கரண்டி, தாம்பாளம், டம்ளர் மூட்டை, அப்புறம் சேர், டேபிள், ஜமக்காளம், ஷாமியானா. ஐசிஎஃப் குவார்ட்டர்ஸ்ல இருந்து வில்லிவாக்கம், ஓட்டேரி, புரசைவாக்கம் வரைக்கும் பழைய வாடிக்கை. அண்ணன் முதலாளி, அண்ணி போன் எடுக்கிறதும் நோட்டு எழுதுறதும், லோடு ஏத்துற பசங்க நாலு பேரு, ஒரு மீன்பாடி வண்டி, பெரிய லோடுன்னா குட்டி யானை வாடகைக்கு. எல்லா கணக்கும் ஒரே நீள நோட்டுல, விசேஷத் தேதி போட்டு அதுக்குக் கீழ வீட்டுக்காரர் பேரு, என்னென்ன எத்தனைன்னு.

2025 வைகாசியில ஒரு நாள் பெரிய சண்டை ஆயிடுச்சு. ஒரு ரிசப்ஷனுக்குப் போன அண்டாவும் சேரும் திரும்பி வர்றதுக்குள்ள மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு லோடு கிளம்பணும். பொருள் இல்ல. கடைசி நேரத்துல வேற கடையில ரெட்டை வாடகைக்கு எடுத்துக் குடுத்தாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க ரொம்ப நாள் பழக்கம், அவங்க மனசு கசந்து போச்சு. அண்ணி மறந்துட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நோட்டைப் புரட்டிப் பார்த்தா அண்ணி எதையும் மறக்கல, ரெண்டும் தெளிவா எழுதியிருக்கு. கோளாறு நோட்டோட அமைப்புல.

கணக்கு எளிசு. சேர் மொத்தம் 600னு வச்சுக்கோங்க. 25ஆம் தேதி ரிசப்ஷனுக்கு 300, 26ஆம் தேதி முகூர்த்தத்துக்கு 350. நோட்டுல ரெண்டும் வேற வேற பக்கம், எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் சேர் மிச்சம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா முகூர்த்த வீட்டுக்கு 25ஆம் தேதி சாயந்திரமே இறக்கியாகணும், அந்த நேரத்துல ரிசப்ஷன் சேரும் வெளியதான் இருக்கும். அப்போ தேவை 650. விசேஷம் நடக்கிறது ஒரு நாள், பொருள் மாட்டிக்கிறது மூணு நாள், போற நாள், விசேஷ நாள், திரும்பி வந்து தேய்க்கிற நாள். அண்ணன் இத்தனை வருஷமா இதை மனசுலயே கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருந்தாரு. முகூர்த்தம் அடுத்தடுத்து வர்ற மாசத்துல மனக்கணக்கு தாங்காது, யாருக்கும் தாங்காது.

இதுக்கு முன்னாடியும் ஒருத்தர் வந்து சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்திருக்காரு. ஒரு பழைய கம்ப்யூட்டர், பில்லிங் புரோகிராம், வருஷா வருஷம் பராமரிப்புக் காசு. அதை ஓரங்கட்டினதுக்கு அண்ணன் சொன்ன காரணத்தை இந்த வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் கேக்கணும். "தம்பி, அதுல அட்வான்ஸ் எவ்ளோன்னு போடாம அடுத்த பக்கமே போகாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வீட்ல பெரியவர் தவறிட்டாருன்னு போன் வருது, அவங்ககிட்ட அட்வான்ஸ் எவ்ளோன்னு கேப்பியா?" அவ்வளவுதான் அந்த சாஃப்ட்வேரோட ஆயுசு. சாவு வீட்டுக்கு சேரும் ஷாமியானாவும் உடனே போகணும், காசு காரியம் முடிஞ்சப்புறம் வரும், பேரம் கிடையாது. அதுக்குன்னே அறுபது சேர் எப்பவும் குடோன்ல நிக்கும், எவ்ளோ பெரிய கல்யாணம் வந்தாலும் அதைத் தொட மாட்டாரு. இது அப்பா காலத்துல இருந்து வர்ற முறை. எந்த ரெடிமேட் புரோகிராமுக்கும் இது தெரியாது, தெரிஞ்சுக்க யாரும் கேட்டதும் இல்ல.

அதனால முதல்ல கம்ப்யூட்டர் பக்கமே போகாம போன் வரும்போது பக்கத்துல உக்காந்து கேட்டேன். யாருமே "அண்டா மூணு, கரண்டி அஞ்சு"ன்னு ஆர்டர் குடுக்கிறது இல்ல. "அக்கா, சீமந்தம், எரநூறு பேரு, வீட்டு மாடியிலதான் சாப்பாடு"ன்னு சொல்லுவாங்க. அண்ணி உடனே பந்திக்கு எத்தனை பேரு, சமையல்காரர் யாரு, இலையா தட்டான்னு கேட்டுட்டு அங்கேயே லிஸ்ட் சொல்லிடுவாங்க. சீமந்த செட், காதுகுத்து செட், பதினாறாம் நாள் செட், பிரியாணி செட் எல்லாம் அவங்க தலையில இருக்கு. அதை ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லி 100 பேருக்கு எவ்ளோன்னு எழுதி வாங்கினோம். இந்தக் கடையோட உண்மையான சொத்து அந்தத் தாளுதான்னு நான் நினைக்கிறேன், பாத்திரத்தைக் காசு குடுத்து வாங்கிடலாம், அதை வாங்க முடியாது.

அப்புறம்தான் கூகுள் ஷீட். அண்ணிகிட்ட ஏற்கனவே இருந்த போன்லயே, காசு செலவு இல்லாம. ஒரு பக்கம் "புக்கிங்", வீட்டுப் பேரு, இடம், பொருள், எண்ணிக்கை, போற தேதி, வர்ற தேதி. வர்ற தேதியில தேய்க்கிற நாளும் சேர்ந்தது. இன்னொரு பக்கம் "கையிருப்பு", கீழ்வாக்குல தேதிகள், குறுக்குவாக்குல பொருட்கள். அந்தத் தேதிக்கு முன்னாடியோ அன்னைக்கோ கிளம்பி, அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ திரும்பி வர்ற எல்லா எண்ணிக்கையையும் சம்இஃப்ஸ் (SUMIFS) ஃபார்முலா கூட்டி மொத்தத்துல இருந்து கழிச்சுக் காட்டும். சேருக்கு மொத்தம்ங்கிற இடத்துல 600 இல்ல, 540. சாவு வீட்டுக்கான அறுபது கணக்குலயே வராது. மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழ போனா கட்டம் சிவப்பாகும். செட் பேரைத் தேர்ந்தெடுத்து ஆள் எண்ணிக்கை போட்டா லிஸ்ட் தானா நிரம்பும், அண்ணி மாத்த வேண்டியதை மட்டும் மாத்துவாங்க. டைப் பண்ண அவங்களுக்குப் பொறுமை இல்ல, ஜிபோர்டு கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங் போட்டுக் குடுத்ததும் போன்கிட்டயே "ஓட்டேரி மாமி வீடு"ன்னு சொல்லிடுறாங்க. ஃபார்முலா இருக்கிற பக்கத்தை அவங்க கை தவறித் தொட்டாலும் அழியாதபடி பூட்டு போட்டாச்சு.

ஆரம்பிச்சது ஆடியில. ஆடியில முகூர்த்தம் இல்ல, ஆனா நம்ம சென்னையில ஞாயித்துக்கிழமை ஆனா ஒவ்வொரு தெரு அம்மன் கோயில்லயும் கூழ் ஊத்துறாங்க, அதுக்குப் பெரிய அண்டா வேணும். சேரு டேபிளெல்லாம் சும்மா கிடக்க அண்டா மட்டும் ஓடுற மாசம். இதைவிட நல்ல சோதனைக் காலம் கிடைக்காது. அண்டா மட்டும் ஷீட்ல, மத்ததெல்லாம் பழையபடி நோட்டுல. நோட்டை நிறுத்தச் சொல்லவே இல்ல, கார்பன் வச்ச பில் புக்கும் அப்படியே இருந்துச்சு. ஆவணி முதல் முகூர்த்தம் வர்றதுக்குள்ள அண்ணிக்கே நம்பிக்கை வந்து, "சேரையும் இதுலயே ஏத்திடலாமா"ன்னு அவங்களா கேட்டாங்க. சிவப்புக் கட்டத்தைப் பார்த்து ஒரு ஆர்டரை முன்கூட்டியே "அன்னைக்கு முடியாதுங்க, நூறு சேர்தான் தர முடியும், மிச்சத்துக்கு இப்பவே வேற கடை சொல்லிக்கோங்க"ன்னு சொன்னாங்க பாருங்க, அந்த வீட்டுக்காரர் கோவப்படல, நன்றி சொன்னாரு.

பொருளை அடையாளம் கண்டுபிடிக்கிறதுதான் அடுத்த சிக்கல். முன்னாடி வந்த ஆளு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு, ஒரே சமையல்ல கருகிப் போச்சு, மிச்சம் இருந்தது சபீனாவுலயும் தேங்காய் நார்லயும் போயிடுச்சு. பாத்திரத்துல நிக்கிறது வெட்டின எழுத்துதான். எல்லா வீட்டுப் பாத்திரத்துலயும் பேரு வெட்டியிருக்கிற மாதிரி இந்தக் கடைப் பாத்திரத்துலயும் அப்பா பேரோட முதல் எழுத்து ஏற்கனவே இருக்கு. பேரு வெட்டுறவர் ஒருத்தரை வரவழைச்சு, அவரு சின்ன கரண்ட் மெஷினை வச்சு கர்ருன்னு ஒவ்வொரு பெரிய பாத்திரத்துலயும் அந்த எழுத்துக்குப் பக்கத்துல ஒரு நம்பர் வெட்டினாரு. இடத்தைக் காட்டினது லோடு பசங்கள்ல மூத்தவரு. விளிம்புக்குக் கீழ, காதுக்குப் பக்கத்துல வெட்டுங்க, கவுத்து அடுக்கினாலும் தெரியும்னாரு. வெளியில இருந்து வந்த யாருக்கும் அது தோணியிருக்காது. டம்ளர், கரண்டிக்கெல்லாம் நம்பர் போடல, எண்ணிக்கை போதும்.

காசு அதிகம் போற இடம் திரும்பி வர்ற நேரம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பதினொரு மணிக்கு, விளக்கெல்லாம் கழட்டின இருட்டுல வண்டியில ஏத்துறாங்க, காலையில கடையில எண்ணும்போது ரெண்டு தாம்பாளம் குறையுது, போன் பண்ணா "நாங்க எடுக்கவே இல்லையே". யாரு பொய் சொல்றாங்கன்னு தெரியாது, பெரும்பாலும் யாருமே பொய் சொல்றது இல்ல, சமையல்காரரோட சாமான்ல கலந்து போயிருக்கும். இப்போ முறை என்னன்னா, இறக்கும்போது பொருளை எண்ணி அடுக்கி பில்லைப் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ, ஏத்துறதுக்கு முன்னாடி விசேஷ வீட்டு ஆளு ஒருத்தரை நிக்க வச்சு இன்னொரு போட்டோ, ரெண்டும் அந்த வீட்டு வாட்ஸ்அப்புக்கே போயிடும். குறைஞ்சா அங்கேயே தேடுவாங்க, சமையல்காரர் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி. இதுக்கு ஆப் எதுவும் இல்ல, கேமரா இருக்கிற போன் போதும். லோடு பசங்ககிட்ட இது நம்பிக்கை இல்லாம வச்ச காவல் இல்லன்னு அண்ணனே உக்கார வச்சு சொன்னாரு, ஏன்னா முன்னாடி குறைஞ்சா அவங்க கூலியிலதான் பேச்சு வரும். இப்போ வர்றது இல்ல, அதனால போட்டோ எடுக்கிறதுல அவங்கதான் ரொம்ப கறாரு.

கடைகளுக்குன்னே இருக்கிற வாட்ஸ்அப் பிசினஸ்க்கு எந்த நம்பர் வைக்கிறதுன்னு பேச்சு வந்தப்போ, அண்ணனோட மகன் புது சிம் வாங்கலாம்னு சொன்னாரு. ஆனா கடை போர்டுல, பழைய பாத்திரங்கள்ல, கல்யாண வீடுகளோட டைரியில எல்லாம் இருக்கிறது லேண்ட்லைன் நம்பர். பழைய ஏழு இலக்கத்துக்கு முன்னாடி 2 சேர்ந்து எட்டாச்சே, அந்த நம்பர். வாட்ஸ்அப் பிசினஸை லேண்ட்லைன் நம்பர்லயும் ஆரம்பிக்கலாம், எஸ்எம்எஸ்க்குப் பதிலா போன் பண்ணச் சொல்லித் தேர்ந்தெடுத்தா அந்த லைனுக்கே கால் வந்து குரல்ல ஓடிபி நம்பரைச் சொல்லும். சொல்லுச்சு, போட்டோம். இப்போ போர்டுல இருக்கிற நம்பருக்கே மெசேஜ் பண்ணலாம். கேட்டலாக்ல செட் செட்டா போட்டோ, அடிக்கடி கேக்கிற கேள்விக்கு குயிக் ரிப்ளை, உடைஞ்சா தொலைஞ்சா எவ்ளோங்கிற விலைப் பட்டியல் புக்கிங் அன்னைக்கே போயிடும். கூகுள் மேப்ல கடையோட புள்ளி ரெண்டு தெரு தள்ளி இருந்துச்சு, வீடியோ எடுத்து அனுப்பி வெரிஃபை பண்ணி சரி பண்ணோம், புதுசா வந்த அபார்ட்மென்ட் ஆளுங்க இப்போ அது வழியாத்தான் வர்றாங்க.

யுபிஐ விஷயத்துலதான் அண்ணன் ரொம்ப தயங்கினாரு, அவரு தயக்கத்துல நியாயம் இருந்துச்சு. நாங்க ஆரம்பிச்ச அதே நேரம், 2025 ஜூலைல, கர்நாடகத்துல யுபிஐ வரவை வச்சு சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு, பெங்களூருல கடைக்காரங்க கியூஆரை எடுத்துட்டு கேஷ் மட்டும்னு எழுதி வச்ச படம் எல்லா குரூப்லயும் சுத்துச்சு. ஜிபே வாங்கினா நோட்டீஸ் வரும்னு ஒரே பேச்சு. விஷயம் என்னன்னா ஜிஎஸ்டி பதிவு பண்ணணுமா வேணாமாங்கிறது காசு எப்படி வந்துச்சுங்கிறதை வச்சு இல்ல, வருஷ வியாபாரம் எவ்ளோங்கிறதை வச்சு. பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு இங்க 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல, சேவைன்னா 20 லட்சம். பாத்திரம் வாடகைக்கு விடுறது சேவை, கூடவே பாக்குமட்டைத் தட்டு வித்தாலும் 20 லட்சம்தான் எல்லை. கேஷா வாங்கினாலும் அதேதான்.

இந்தத் தொழிலுக்குன்னு ஒரு தனி வில்லங்கம் டெபாசிட். வாடகை நாலாயிரம்னா டெபாசிட் அஞ்சாயிரம் வாங்கித் திருப்பிக் குடுக்கிறாங்க. திருப்பிக் குடுக்கிற டெபாசிட், வாடகையிலயோ சேதத்துலயோ கழிக்காத வரைக்கும் வியாபார வரவு ஆகாது. ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல அது வரவாத்தான் நிக்கும், பார்க்கிறவங்களுக்கு வியாபாரம் ரெண்டு மடங்குக்கு மேல தெரியும். அதனால ஆடிட்டர்கிட்ட பேசிட்டு கரண்ட் அக்கவுன்ட் ஒண்ணு திறந்து வாடகை மட்டும் அந்த கியூஆர்ல, டெபாசிட் வேற அக்கவுன்ட்ல, வாங்கினதும் திருப்பினதும் ஷீட்ல புக்கிங் நம்பரோட. குடும்பச் செலவு இந்த ரெண்டுலயும் கலக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னேன். நோட்டீஸ் வந்தா காட்ட வேண்டியது இந்தப் பிரிச்ச கணக்கைத்தான். 2020 ஜனவரில இருந்து பேங்க் அக்கவுன்ட் வழியா வர்ற யுபிஐக்கு கடைக்காரர்கிட்ட கமிஷன் கிடையாது, 2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஒரே மாசத்துல 2000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு, விசேஷ வீட்டுல கையில காசு வச்சிருக்கிறவங்க குறைஞ்சு போனதுல ஆச்சரியம் இல்ல. சவுண்ட் பாக்ஸ் மட்டும் மாச வாடகைன்னாலும் வாங்கச் சொன்னேன், தமிழ்லயே தொகையைச் சொல்லும், போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாத்துறவங்க நிறைய. காசு வாங்குறதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்லன்னு லோடு பசங்களுக்கும் சேர்த்து சொல்லி வச்சிருக்கு.

ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஒரு டப்பாவுல போடுற பழக்கம் இருந்துச்சு, தெரியாத ஆளு வந்தா. அது கடைக்கும் ஆபத்து, குடுக்கிறவங்களுக்கும் ஆபத்து. இப்போ கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மறைச்ச ஆதார் போதும், கணக்கு முடிஞ்சா படத்தை அழிச்சுடுறாங்க. பழைய டப்பாவுல இருந்ததை எல்லாம் கிழிச்சாச்சு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ கடைக்குள்ள தண்ணி ஏறி மேஜை கீழ் தட்டுல இருந்த நோட்டு மொத்தமும் ஊறிப் போச்சு, தை மாச புக்கிங் பாதியை ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணிக் கேட்டு எழுதினாங்கன்னு அண்ணி சொன்னாங்க. ஷீட்டுக்கு அந்தப் பயம் இல்ல, ஆனா அந்த மாதிரி நாள்ல கரண்டும் நெட்டும் இல்லாம போகும், அதனால போன்ல ஆஃப்லைன்லயும் திறக்கிற மாதிரி வச்சிருக்கு, வாரா வாரம் அடுத்த பதினஞ்சு நாள் புக்கிங்கை ஒரு பிரிண்ட் எடுத்து ஷட்டர் பக்கம் ஆணியில மாட்டுறாங்க. கூகுள் அக்கவுன்ட் அண்ணன் பேருல, ரெண்டு கட்டப் பூட்டோட (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்), மீட்கிற நம்பர் மகனோடது. என் மெயில் அதுல எங்கயும் இல்ல. உதவி பண்ண வர்றவங்க தன்னோட அக்கவுன்ட்ல கடைக் கணக்கை வச்சுக்கிறது ரொம்ப தப்பான பழக்கம், நாளைக்கு அவங்க ஊரு மாறிட்டா கடை மாட்டிக்கும். இலவச இடம் 15 ஜிபிதான், போட்டோ சேர்ந்துக்கிட்டே போகும், கணக்கு தீர்ந்த வீட்டுப் படங்களை மூணு மாசத்துல அழிக்கிறது அண்ணி வேலை.

எடுபடாததும் உண்டு. வாடிக்கையாளரே ஃபார்ம் நிரப்பி புக் பண்ணட்டும்னு மகன் ஆசைப்பட்டாரு, வச்சுப் பார்த்தோம். வந்த ஆர்டரெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு, ஐம்பது பேரு விசேஷத்துக்கு நூறு பேரு அண்டா கேட்டிருப்பாங்க, பந்திக்கு வேண்டிய வாளியை விட்டிருப்பாங்க, அண்ணி திரும்ப போன் பண்ணித்தான் சரி பண்ணணும். எடுத்தாச்சு. பேசி வாங்குற ஆர்டர்தான் இந்தத் தொழில்ல சரியான ஆர்டர், அதுக்கு நேரம் கிடைக்கிற மாதிரி மத்த வேலையைக் குறைக்கிறதுதான் இங்க டெக்னாலஜியோட வேலைன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

ஐப்பசி, கார்த்திகை, தை மூணு முகூர்த்த மாசமும் ரெட்டை புக்கிங் இல்லாம போச்சு. காணாம போற பாத்திரம் நிக்கல, ஆனா எந்த வீட்டுல எது போச்சுன்னு அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சுடுது, பெரும்பாலானது ரெண்டு நாள்ல சமையல்காரர் குடோன்ல இருந்து திரும்பிடுது. பின்னாடி குடோன்ல இருக்கிற பித்தளை சாமான் இன்னும் ஷீட்ல ஏறல, அதை எடை போட்டு எழுதணும், ஈயம் பூசின தேதியும் சேர்க்கணும்னு மூத்த லோடு அண்ணன் சொல்லியிருக்காரு. வர்ற ஆடியில கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமைகளுக்கு நடுவுல அந்த வேலை. அதுக்குள்ள வில்லிவாக்கத்துல இன்னொரு கடைக்காரர் அண்ணிகிட்ட வந்து ஷீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்காரு, கையிருப்புப் பக்கத்தோட வெறும் பிரதி ஒண்ணை அவருக்கு அனுப்பியாச்சு, செட் எழுதின தாளை மட்டும் அண்ணி குடுக்கல, "உங்க வீட்டம்மாகிட்ட கேட்டு நீங்களே எழுதுங்க, உங்க ஏரியா சாப்பாடு வேற"ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.